டெஸ்டிங் அக்கா

எங்கள் தோட்டத்தில் அவர் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்ற சொல்லைக் கேட்டவர்கள் யாரும் கிடையாது. கல்யாண வீட்டுச் சாப்பாடோ புதுச் சேலையோ பிறந்த குழந்தையோ, எதுவானாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல" என்பார். அதாவது, குறை ஒன்றும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அது புரியாமல் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் பிள்ளை பெற்ற ஒருத்தி குழந்தையை வாங்கிக்கொண்டு அழுதுவிட்டாள்.

அவருக்கு டெஸ்டிங் அக்கா என்று பெயர் வந்தது செனவாங்கில் இருந்த ஒரு ஃபேக்டரியால். எங்கள் லாபு தோட்டத்துப் பெண்கள் பலர் அந்தக் காலத்தில் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி அங்கே போய் ரேடியோவுக்கும் டிவிக்கும் உள்ளே வைக்கும் போர்டுகளைச் செய்தார்கள். அக்காவுக்குக் கடைசி நாற்காலி. மற்றவர்கள் செய்து அனுப்பும் போர்டைச் சோதித்து, சரியாக இருந்தால் பச்சை ஒட்டு ஒட்டி, "பாஸ்" என்று சொல்லிப் பெட்டியில் போட வேண்டும். அக்கா பெட்டியில் போட்டதைவிடத் திருப்பி அனுப்பியதுதான் அதிகம் என்று கூட வேலை பார்த்த என் சித்தி சொல்வார். மலாய்க்கார சூப்பர்வைசர் வந்து, "பாஸ் சாஜாலா, அக்கா" என்று, சும்மா பாஸ் போட்டுவிடும்படி மலாயில் கெஞ்சுவாராம். "பாக்காததுக்கு எப்படி பாஸ் போடுறது?" என்று அக்கா தமிழிலேயே பதில் சொல்வாராம். மொழி புரியாவிட்டாலும் சூப்பர்வைசருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருமுறை நான் வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்ப மட்டும் மாத்து. புளியத் தொடாத. நாளைக்குக் குடுத்து வுடு, பாக்கலாம்" என்றார். கிளினிக்கில் காய்ச்சலுக்கும் சளிக்கும் உடம்பு வலிக்கும் என்று தனித்தனியாக மாத்திரை கொடுத்தால், முதல் நாள் ஒன்றை மட்டும் போடுவார். "எல்லாத்தையும் சேத்து முழுங்கினா எது வேலை செஞ்சுச்சுன்னு எப்படித் தெரியும்?" கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை அவர் நெஞ்சுச் சளியோடு ஒரு வாரம் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை போனதால்தான் அவர் இப்படி ஆகிவிட்டார் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். அது சரியில்லை. அதற்கு முன்பும் இப்படித்தான் என்று சித்தி அடித்துச் சொல்வார். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே "பாஸ் இல்ல" என்பாராம். பிறகு சிரிக்காமல் சொல்லத் தொடங்கினார், அவ்வளவுதான்.

அக்காவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் இருந்தது ஒரே பெண். பாலர் பள்ளியில் படிக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனாள். நானும் அப்போது சின்னப் பிள்ளை. அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை. இறப்பதற்குச் சில வாரம் முன்பு தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிப் பசுவைப் பற்றிப் பேசினாள். கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் அதைக் கேசட்டில் பிடித்தார். அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அன்று லோரியைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்து பிள்ளை பேசியதைக் கேட்டார். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. கேசட் வரும்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போய்விட்டார். கேசட் வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டாள். அதன்பின் அதைப் போட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அலமாரி மேல் வைத்தது வைத்தபடியே கிடந்து, நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சை பிடித்துக்கொண்டது.

பூஞ்சை பிடித்த கேசட் என்ன செய்யும் என்பதை அக்கா தன்னுடைய பழைய சினிமாக் கேசட்டுகளைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். முதல் தடவை ஓடும். நடுவில் நிறுத்தினால் நாடா உள்ளே ஒட்டிக்கொள்ளும். திருப்பிச் சுற்றினால் பிய்ந்துவிடும். ஆகவே பிள்ளையின் கேசட்டும் ஒரே ஒரு தடவைதான் ஓடும். அந்த ஒரு தடவையில் அதைக் கணினிக்குள் பதிந்துவிட வேண்டும்.

கணினி அவரிடம் இருந்தது. ஃபேக்டரியை மூடிக்கொண்டு முதலாளிகள் வேறு நாட்டுக்குப் போனபோது, சோதனைக்கு வைத்திருந்த பழைய கணினிகளை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அக்கா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதில் இருந்தது லினக்ஸ். யாருக்கும் சொந்தமில்லாமல், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று விடப்பட்ட சிஸ்டம். பிறகு சிரம்பானில் ஒரு பழைய சாமான் கடையில் டிவி கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். கணினிக்குள் செருகும் பச்சை அட்டை அது. வீடியோ பிளேயரிலிருந்து வரும் படத்தையும் சத்தத்தையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கடைக்காரர் தன் கணினியில் செருகிக் காட்டியபோது அழகாக ஓடியது. வீட்டுக்கு வந்து லினக்ஸில் செருகினால் திரை கறுப்பு.

"பேசாம விண்டோஸ் போட்டுருங்களேன், அக்கா" என்றேன்.

"அது ஓடும், இல்லாட்டி ஓடாது. ஏன்னு சொல்லாது. இது சொல்லும்."

சொல்லத்தான் செய்தது. திரையில் வரிவரியாக வந்ததை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்து எனக்கு விளக்கினார். கார்டு உள்ளே இருப்பது சிஸ்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதை வேறு ஏதோ கார்டு என்று நினைத்துக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறது. கார்டின் மேல் கம்பெனிப் பெயர் கிடையாது. இது இன்ன வகை என்று நாமே ஓர் எண்ணைக் கொடுத்துச் சொல்ல வேண்டும். வகைகளோ எக்கச்சக்கம். அக்கா ஓர் எண்ணைக் கொடுப்பார், கணினியை அணைத்துப் போடுவார், பார்ப்பார். பிறகு அடுத்த எண். ஓர் எண்ணுக்குத் திரை பச்சையானது. இன்னொன்றுக்கு மழை பெய்தது. இன்னொன்றுக்குப் படம் வந்தது, ஆனால் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தது. நான் சிரம்பானில் வேலை முடித்து லாபு ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும்போதெல்லாம், முதல் லயத்தில் அவர் வீட்டு முன்னறையில் மூடி கழற்றிய கணினியும் அதன்முன் அவர் முதுகும் தெரியும்.

இணையத்தில் கேட்டுப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். எந்த ஊர்க்காரரோ ஒருவர், இதை மாற்று, அதையும் மாற்று, கூடவே இதையும் மாற்று என்று வரிசையாக எழுதியிருந்தார். அக்கா படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் மாற்றி ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று தெரியாதே. இன்னொருவர், "என்னிடம் நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார். அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அவன்கிட்ட ஓடினா அவன் பாத்துக்கட்டும்லா! இங்க வந்து எதுக்குச் சொல்றான்?"

கடைசியில் ஓர் எண்ணுக்குப் படம் நின்றது. சத்தம் வரவில்லை. "சத்தம் தனி ஃபால்ட்டு" என்று அதற்குத் தனியாக உட்கார்ந்தார். அதுவும் வந்தது. பிறகு சிஸ்டத்துக்கு ஒரு அப்டேட் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. அக்கா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

என் அப்பா இறந்த வருடம் அது. நான் அழவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. ரயில் ஏறினேன், வேலை பார்த்தேன், வந்து சமைத்தேன். அப்பா அம்மாவின் கல்யாணக் கேசட்டை அக்காவிடம் கொடுத்திருந்தேன். அவருக்கும் சோதிக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை அதைப் போட்டார். அப்பா மாலையோடு, என்னைவிடச் சின்ன வயதில், யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராக இருந்தாலும், "அப்பாவப் பாத்ததும் எப்படி இருக்கு?" என்று என் கையைப் பிடித்திருப்பார்கள். அக்கா, "நாதஸ்வரம் ரெண்டு பக்கமும் கேக்குதா, ஒரு பக்கமா?" என்று கேட்டார். ரெண்டு பக்கமும் என்றேன். அந்த வருடத்தில் எனக்கு யாரையாவது பிடித்திருந்தது என்றால் அக்காவைத்தான்.

அண்ணனுக்கு அன்று மதியம் லோரி இல்லை. வந்து கதவோரம் நின்றார். அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வருடக்கணக்காக லோரி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்ததால் நரம்பு கெட்டுவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கவே போய்விடும் என்று சிரம்பானில் டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். அவரும் கத்தித்தான் பேசுவார்.

"இது நல்லாத்தான ஓடுது? பிள்ளையோடத போடேன்!"

"இன்னும் பாஸ் ஆகல" என்று அக்கா அவர் காதருகே போய்ச் சொன்னார்.

"டீவியில போட்டுக் காட்டு. ரெக்கார்டு பண்றத பிறகு பாத்துக்கலாம்."

"பிறகு கிடையாது. ஒரு தடவைதான் ஓடும்."

"அப்பன்னா வயர ரெண்டாப் பிரி. ஒண்ணு டீவிக்கு, ஒண்ணு இதுக்கு."

"பிரிச்சா, ஃபால்ட்டு எந்தப் பக்கம்னு தெரியாது."

அண்ணன் கதவோரத்தை விட்டு உள்ளே வந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, அவ பேசினத நான் கேட்டிருக்கேன். இன்னொரு தடவ கேக்கணும். காது இருக்கறப்பவே கேக்கணும். இவளுக்கு அது வெளங்க மாட்டேங்குது."

அக்கா கணினியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பேச்சை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அண்ணனுக்கு அப்போது நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அதைச் சொல்லிக்காட்டவும் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா முழுச் சோதனையையும் முடித்தார். வேறொரு பூஞ்சைக் கேசட்டை ஓட்டிப் படம், சத்தம், பதிவு மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் வந்தது. "ஒண்ணும் தெரியல" என்றார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு நல்ல நாள், நாளைக்கே போட்டுவிடுவோம் என்றார். அக்காவும் தலையாட்டினார். "தங்கச்சி, நீயும் வந்துரு" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

ஆயுத பூஜை அன்று எங்கள் தோட்டத்தில் கழுவாத வண்டி இருக்காது. நான் போனபோது அண்ணன் லோரியைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடித்திருந்தார். அக்கா அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கணினிக்கு வந்தார். கருவி என்றால் அதுவும் கருவிதானே. பின்னால் இருந்த வயர்களை ஒவ்வொன்றாக உருவினார். ஈரத்துணியால் துடைத்து முன்பக்கத்தில் பொட்டு வைத்தார். பிறகு, குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல, வயர் போகும் ஒவ்வோர் ஓட்டைக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். டிவி கார்டில் சத்தம் போகும் சின்ன ஓட்டைக்கும் வைத்தார். எந்த வயர் எங்கே இருந்ததோ அங்கேயே பிசகாமல் திருப்பிச் செருகினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் தையல் மிஷினுக்கும் மாவு மிஷினுக்கும் அப்படித்தான் வைப்போம்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கணினியின் முன்பக்கத்தில் பொட்டைப் பார்த்தார். சூடம் காட்டினார். பிறகு பழக்கப்படி, சோதனைக் கேசட்டைக் கையில் எடுத்தார்.

"இன்னுமா?" என்றார் அண்ணன். அன்று அவர் கத்தவில்லை. "நேத்துத்தான பாத்த. நல்ல நேரம் முடியப்போவுது."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். சோதனைக் கேசட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் கேசட்டைப் போட்டார். சோதிக்காமல் அவர் ஒன்றைத் தொடங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

முதலில் வீடியோக்காரரின் எழுத்துகள் சுழன்று வந்தன. பிறகு மேடை, கலர்த் தாள் தோரணம், உயரமான மைக். அதன் பின்னால் ரெட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை வந்து நின்று கும்பிட்டாள். வாய் திறந்தாள். பேசினாள். அறையில் காற்றாடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அக்கா எழுந்தார். நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஒட்டிக்கொள்ளும். திரையின் ஓரத்தில் சத்தத்தின் அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வீடியோ பிளேயர் பக்கம் வயர் கழன்றிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை. அப்போதும் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தார். மூன்றாவதாகக் கணினியின் பின்னால் கையை விட்டார்.

அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு கையை இறக்கிவிட்டார். பிள்ளை குரல்கூடக் கேட்காத அளவுக்குக் காது போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டே, அவரே பேசத் தொடங்கினார்.

"பசு ஒரு சாதுவான பிராணி. பசு நமக்குப் பால் தரும். எங்கள் வீட்டில் பசு இல்லை. என் அப்பாவிடம் லோரி இருக்கிறது. லோரி பால் தராது."

திரையில் முன்வரிசைத் தலைகள் சிரித்துக் குலுங்கின. அண்ணனும் சிரித்தார். "இது டீச்சர் சொல்லிக் குடுத்ததில்ல. இவளே சேத்துக்கிட்டது!"

அக்காவின் கை கணினியின் பின்னாலிருந்து வெளியே வந்தது. வயரின் முனை முழுக்கச் சந்தனம். ஓட்டையும் அடைத்திருக்கும்; கணினியை அணைத்துக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. விரல் நுனியில் குங்குமம். அதைப் பார்த்தார். அண்ணனின் முதுகைப் பார்த்தார். வயரை எடுத்த இடத்திலேயே திருப்பிச் செருகிவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"ஆனால் லோரி பழம் கொண்டுவரும். அப்பா எனக்கு மிட்டாய் கொண்டுவருவார்" என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் நின்று, திரும்பி அக்காவைப் பார்த்தார். "எனக்குச் சுத்தமாக் கேக்கல. உனக்குக் கேக்குதுல்ல? நான் சரியாச் சொல்றேனா?"

அக்கா குனிந்து அவர் காதருகே வாயை வைத்தார்.

"சரியா இருக்கு" என்று கத்தினார். "பாஸ்."

அண்ணன் தலையாட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினார். "நன்றி, வணக்கம்" என்று அவர் கைகூப்பியபோது பிள்ளையும் கைகூப்பிவிட்டு மேடையை விட்டு ஓடினாள்.

கேசட் அதோடு சரி. திருப்பிச் சுற்றும்போது பிய்ந்துவிட்டது. படம் மட்டும் கணினியில் இருக்கிறது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சேரில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சோறு வைத்தேன். அண்ணனிடம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வருடம் ஆயுத பூஜை அன்று கடலைச் சுண்டல் வாங்கி வர அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு கணினியின் பின்பக்கம் போகப் பார்த்தார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னால நான் வெச்சுட்டேன். நீங்க முன்னால வைங்க" என்று அவர் காதில் கத்தினார். நான் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே பொட்டு எதுவும் இல்லை.